பட்டியலில் இல்லாத கேட்சர்

1999 ஜூலை 8, வியாழன். ரவுண்ட் ராக்.

வெயில் நூறைத் தாண்டிவிட்டது. மழை வருமா என்று டி.வி.யில் பார்த்தேன். வராது. காலையில் கராஜில் கவசம் எல்லாவற்றையும் பிரித்துக் காயப்போட்டேன். முகமூடி, மார்புக் கவசம், முழங்கால் காப்பு. எல்லாவற்றிலும் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. மல்லிகா ஆன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார்.

"தண்டபாணி, இதையெல்லாம் வாஷிங் மெஷின்ல போட முடியாதாப்பா?"

"முடியாதுங்க ஆன்ட்டி. ஸ்ட்ராப் எல்லாம் போயிரும்."

"அப்போ கராஜோட நிக்கட்டும். வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நீயும் இங்கதான் படுக்கணும், சொல்லிட்டேன்."

நல்ல மனுஷி. வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு உள்ளூர்க் குடும்பங்கள் ஓர் அறை கொடுப்பது இங்கே வழக்கம். எனக்கு அப்பாவின் காலேஜ் நண்பர் வீடே அமைந்துவிட்டது. அங்கிளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கிரவுண்டுக்கு முக்கால் மணி நேரம் டிரைவ். ஆனால் ரசம் கிடைக்கிறது.

நேற்றும் தோல்வி. நேற்றும் நான் ஆடவில்லை. எங்கள் பேஸ்பால் டீமில் மார்க்கோதான் முதல் கேட்சர், மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவன்; நான் இரண்டாவது. இரண்டாவது என்றால் வாரத்தில் ஒரு நாள் ஆட்டம், மற்ற நாளெல்லாம் புல்பென். மைதானத்து ஓரத்தில் வேலி போட்ட இடம். பந்து வீசப்போகிறவர்கள் அங்கே கையைச் சூடாக்கிக்கொள்வார்கள். எதிரில் நான் குந்த வேண்டும். போன வாரம் கிடைத்த அந்த ஒரு ஆட்டத்தில் பேட்டிங் பற்றி எழுதப்போவதில்லை. இந்த நோட்டில்கூட.

இதைக் கிளப்ஹவுஸில், உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து எழுதும்போது டைலர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். டீமில் வேகமாகப் பந்து வீசும் பிட்சர், இருபது வயது, மேற்கு டெக்சாஸ் பண்ணைப் பையன். இங்கே எல்லாருக்கும் நான் டான்.

"டான், என்னது இது, நூடுல்ஸா?"

"என் பாஷை."

"என்னைப் பத்தி எழுதறியா?"

"ஆமா. நீ குளிக்கறதில்லைன்னு."

சிரித்தான். கிளப்ஹவுஸில் எதை எழுதிவைத்தாலும் ஒருவன் எடுத்துச் சத்தமாகப் படிப்பான். தமிழில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. பன்னிரண்டு வயதில் பெருந்துறையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தவன் தமிழை மறக்காமல் இருப்பதில் இந்த ஒரு லாபம்.


ஜூலை 9, வெள்ளி

வலது கை ஆள்காட்டி விரல் வீக்கம். ஐஸ்.

புல்பென்னில் இன்றும் அதே திட்டு. "கையைப் பின்னால இழுக்காதே, டான்! பந்து வந்த இடத்துலயே பிடிச்சு நிறுத்து!" தெரியும். எனக்குத் தெரியாததைச் சொல்லுங்கள். சின்ன வயதில் விக்கெட் கீப்பிங் பழகிய கை. பந்தோடு சேர்ந்து கையும் பின்னால் போக வேண்டும், அதுதான் மென்மையான கை என்று அங்கே பாராட்டு. இங்கே அதுவே குற்றம். கை ஒரு அங்குலம் நகர்ந்தாலும் அம்பயர் நல்ல பந்தையும் கெட்ட பந்து என்பார். பிட்சர் என்னை முறைப்பான். ஹைஸ்கூலில் ஆரம்பித்த போராட்டம். தூக்கம் கலைந்த நாட்களில் இன்னமும் கை பின்னால் போகிறது.

சோப்பு, டேப், கார் ஆயில். மறந்துவிட்டேன் மூன்றையும்.


ஜூலை 12, திங்கள்

ஸ்கிப் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேனேஜரை எல்லாரும் ஸ்கிப் என்றுதான் கூப்பிடுகிறோம். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஓர் ஃபேன். அங்கே உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். உட்காரச் சொன்னார்.

"பிராட்னு ஒருத்தன் வர்றான். பெரிய கிளப்போட ஆளு, விட்டுட்டாங்க. கேட்சர். நல்லா அடிப்பான்."

"மார்க்கோ?"

"மார்க்கோ இருப்பான்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"உன் கை நல்ல கை, டான். நான் பாத்ததுலயே நல்ல கை. ஆனா ஒன்பது பேருல ஒருத்தன் அவுட்டுன்னு எழுதிவெச்சுட்டு ஆட முடியாது. பட்டியல்லேர்ந்து உன் பேரை எடுக்கறேன். ஆனா போகாதே. புல்பென் கேட்சரா இரு. யூனிஃபார்ம் உண்டு, பஸ் உண்டு, சாப்பாடு உண்டு."

"ஆட்டம்?"

"ஆட்டம் இல்லே."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? வெளியே வந்து காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் டிரை-அவுட்டில் காண்ட்ராக்ட் கிடைத்தபோது காலேஜில் மூன்று செமஸ்டர்தான் பாக்கி. அப்பா சொன்னார், முடித்துவிட்டுப் போ. கேட்சருக்கு முழங்கால் இருக்கிற வரைதான் வாழ்வு, காலேஜ் எங்கேயும் போகாது என்றேன். சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைப்பு வேறு.


ஜூலை 13, செவ்வாய்

வீட்டுக்கு ஃபோன். விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் அடித்தேன். அம்மா எடுத்தார்.

"கண்ணு! நானே கூப்பிடலாம்னு இருந்தேன். டிக்கெட் போட்டாச்சு சாமி. வெள்ளிக்கிழமை வர்றோம். அப்பாவுக்கு ஒரு நாள் லீவு குடுத்துட்டாங்க."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? நீ ஆடறதைப் பாக்கத்தான். ரெண்டு வருஷமா போறேன் வர்றேன்னு சொல்றே, ஒரு நாளாச்சும் கண்ணுல பாக்க வேண்டாமா?"

"அம்மா, நான் இப்ப ஆடறதில்லை. புல்பென்ல மட்டும்தான்."

"அது எங்க இருக்குது?"

"கிரவுண்டுலதான். ஓரத்துல. பந்து போடறவங்க பழகறப்ப எதிர்ல நின்னு பிடிக்கணும்."

"டிரெஸ் போட்டிருப்பியல்ல?"

"போட்டிருப்பேன்."

"அப்பறம் என்ன? ஓரத்துல நின்னாலும் நம்ம பையந்தானே."

அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். டி.வி. சத்தம் கேட்டது. "டிக்கெட் வாபஸ் கிடையாது. வந்து பேசிக்கலாம்" என்றார். வைத்துவிட்டார்.

பிராட் வந்துவிட்டான். என்னைவிட ஓர் அடி அகலம். கைகுலுக்கினபோதே விரல் வலித்தது. முதல் நாளே பந்தை வேலிக்கு வெளியே அடித்தான். இரண்டு முறை. கைதட்டினேன், வேறென்ன செய்ய.


ஜூலை 16, வெள்ளி

ஏர்போர்ட் போய் அழைத்து வந்தேன். அம்மா என்னைப் பார்த்ததும், "ஏன் இப்படிக் கருத்துப் போயிட்டே?" அப்பா பெட்டியை நானே தூக்குகிறேன் என்று வாங்கிக்கொண்டார். காரில் பேச்சு வெயிலைப் பற்றி, எடிசனில் எங்கள் பக்கத்து வீடு விற்பனைக்கு வந்ததைப் பற்றி.

மல்லிகா ஆன்ட்டி விருந்து. சாம்பார், உருளைக்கிழங்கு, பாயசம். நான் ஸ்பூனில் சாப்பிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டு."

காட்டினேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மஞ்சளும் நீலமுமாக. அப்பாவும் பார்த்தார். உடனே தட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அங்கிள் நிலைமையைச் சமாளிக்க நினைத்து, "நாளைக்கு எல்லாருமா மேட்ச்சுக்குப் போறோம். தண்டபாணியைப் பாக்கறோம்" என்றார். அப்போது நித்யா, அவர்கள் பெண், நாலாவது படிக்கிறாள், பாயசத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "பட் ஹி டஸ்ன்ட் ஈவன் ப்ளே."

"நித்யா!" என்றார் ஆன்ட்டி.

"வாட்? ஹி டோல்ட் மீ."

உண்மைதான். நான்தான் சொன்னேன்.


ஜூலை 17, சனி

காலை. எல்லாரும் காபி. அப்பாவும் அங்கிளும் பின்பக்கம் நிழலில் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கராஜில் ஸ்ட்ராப் தைத்துக்கொண்டிருந்தேன். கேட்கட்டும் என்றுதான் பேசினார்களோ என்னவோ.

அங்கிள்: "டிகிரி மட்டும் முடிக்கட்டும். எங்க டீம்லயே டெஸ்டிங்ல ஆள் எடுக்கறாங்க. நான் ரெஃபர் பண்றேன். இப்ப மாதிரி டைம் இனி வராது."

அப்பா: "நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. கேக்கறானா? இருபத்திநாலு வயசாச்சு. பொழுதன்னிக்கும் குத்தவெச்சு உக்காந்துட்டு பந்து பொறுக்கறான்."

பந்து பொறுக்குகிறான். ஊசி விரலில் ஏறிவிட்டது.

சாயங்காலம் ஆட்டம். இப்போது மணி மூன்று. கிளம்புகிறேன்.


ஜூலை 18, ஞாயிறு, காலை

நேற்று நடந்ததை எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்கும்.

டைலர் பந்து வீசினான். நான் அவனைப் புல்பென்னில் தயார் செய்து அனுப்பினேன். அவனுடைய பந்து நேராக வந்து கடைசி நொடியில் தொப்பென்று கீழே விழும், மண்ணில் குத்தும். அதைப் பிடிக்கக் கூடாது. முழங்காலிட்டு உடம்பால் மறிக்க வேண்டும். இந்த டீமில் அவனோடு அதிகம் குந்தியவன் நான்தான்.

அம்மா, அப்பா, அங்கிள், ஆன்ட்டி, நித்யா என் வேலிக்குப் பக்கத்து வரிசையில். அம்மா பட்டுப்புடவை. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

ஒன்பதில் நாலாவது இன்னிங்ஸ். மட்டையின் விளிம்பில் பட்ட பந்து பிராடின் வலது கையில். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மண்டியிட்டான். விரல் கோணிப் போயிருந்தது. மார்க்கோ உள்ளே போனான்.

எட்டாவது இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் முன்னால். எதிர் டீமில் ஒருத்தன் ரன்னுக்காக ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கிக்கொண்டு வந்தான். மார்க்கோ பந்தோடு அவனைத் தொட்டுவிட்டான், நான் பார்த்தேன், எல்லாரும் பார்த்தார்கள். அம்பயர் சேஃப் என்று கையை விரித்தார். மார்க்கோ கத்தினான். கத்தியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அம்பயரை மார்பால் இடித்துவிட்டான். அம்பயர் வெளியே போ என்று விரலைக் காட்டினார். மார்க்கோ கவசத்தோடே கிளப்ஹவுஸுக்குள் போய்க் கதவை அறைந்தான்.

கேட்சர் இல்லை.

ஸ்கிப் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்போது முகமூடியைக் கையில் எடுத்தேன் என்று தெரியவில்லை. ஸ்கிப் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அதற்குள் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. அந்தத் தாளில் என் பெயர் இல்லை. பெயர் இல்லாதவன் ஆட்டத்தில் இறங்கக் கூடாது.

"டான்! உன் கியரை லோபஸ்கிட்ட குடு."

லோபஸ் மூன்றாவது பேஸில் நிற்பவன். என் உயரம், என் உடம்பு. ஓடி வந்தான். நானே அவனுக்கு ஒவ்வொன்றாக மாட்டிவிட்டேன். மார்புக் கவசத்தின் வார், முழங்கால் காப்பின் கொக்கிகள். என் வியர்வையின் ஈரம் அதிலேயே இருந்தது. என் கையுறையை அவன் கையில் செருகினேன்.

"டான், நான் செத்தேன்."

"கீழ விழற பந்தைப் பிடிக்கப் பாக்காதே. முன்னால விழுந்து மறிச்சுக்கோ. மோவாயைக் கீழ வை."

"மோவாயை."

"ஆமா."

அவனைக் குறை சொல்ல முடியாது. வாழ்நாளில் குந்தியதில்லை. டைலரின் பந்து அவன் கால்களுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டே இருந்தது. அவன் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பின்னால் ஓட, ஒருத்தன் வந்து சேர்ந்தான், அப்புறம் இன்னொருத்தன். நான் வெறும் சட்டையோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது அம்மாவின் குரல், அந்த ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிறமாதிரி:

"ஏனுங்க, நம்ம பையன் அங்க சும்மாத்தானே நிக்கறான்! அவனைப் போடச் சொல்லுங்க!"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாஷை புரியாது, ஆனால் பட்டுப்புடவைக்காரி என்னைத்தான் கை காட்டுகிறாள் என்று புரிந்துவிட்டது. அப்பா அம்மா பக்கம் திரும்பவில்லை. என்னையும் பார்க்கவில்லை. லோபஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோற்றோம். லோபஸ் கவசத்தைத் திருப்பிக் கொடுத்தபோது சாரி என்றான். நான் அவனிடம் பேசவில்லை. அது தப்பு.

பார்க்கிங்கில் அப்பாவிடம் போனேன்.

"நானும் உங்ககூட வந்தர்றனுங்கப்பா."

"எங்கே?"

"வீட்டுக்கு. போதும்."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஆமாங்கப்பா."

வீடு வரும் வரை அப்பா பேசிக்கொண்டே வந்தார். ரெண்டு வருஷத்தில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பழைய கிரெடிட் செல்லும், அங்கிள் பார்த்துக்கொள்வார். சந்தோஷமாக இருந்தார். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.


அதே நாள், மதியம்

ஏர்லைன்ஸுக்கு ஃபோன் போட்டு அப்பா சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது டிக்கெட்டுக்காக. காத்திருங்கள் என்று பாட்டுப் போட்டிருந்தார்கள். நடுவில் இன்னொரு கால் வந்தது. "உனக்குத்தான்" என்று ரிசீவரை நீட்டினார்.

ஸ்கிப். "பிராட் விரல் உடைஞ்சுடுச்சு. மார்க்கோவை லீக் சஸ்பெண்ட் பண்ணிடுச்சு. மூணு மணிக்கு வா, கையெழுத்துப் போடு. இன்னிக்கு நீதான்."

வருகிறேன் என்றேன். யோசித்தேன் என்று எழுதினால் பொய்.

அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். பாட்டு மறுபடி கேட்டது.

"அப்போ நேத்து சொன்னது?"

"நேத்து சொன்னது நேத்துங்கப்பா."

"எத்தனை நாளைக்கு?"

"பிராட் விரல் சரியாகற வரைக்கும்."

"அடுத்தவன் விரல் ஒடைஞ்சாத்தான் உனக்குப் பொழப்பு. இல்லே?"

அவர் சொன்னது சரிதான், இரண்டாவது கேட்சரின் பிழைப்பு அதுதான்.

அம்மா மெதுவாக, "டிக்கெட்டை ஒரே ஒரு நாள் மாத்திக்கலாமுங்களா? இன்னிக்கு இவன் ஆடறானாமல்ல."

"நான் நாளைக்கு ப்ளான்ட்ல இருக்கணும். லீவு இல்லே." ஃபோனை வைத்துவிட்டார்.

அங்கிள் அவர்களை ஏர்போர்ட் அழைத்துப் போனார். அம்மா கார் கண்ணாடியை இறக்கி, "மொகத்துல அடி படாமப் பாத்துக்க" என்றார். அப்பா முன்சீட்டில். சீட் பெல்ட்டை மாட்டுவதிலேயே இருந்தார்.


ஜூலை 19, திங்கள்

நேற்று ஜெயித்தோம். முழு ஆட்டமும் நான். முழங்கால் இரண்டும் கதவுக் கீல் மாதிரி சத்தம் போடுகின்றன.

ஏழாவது இன்னிங்ஸில் அவர்களின் வேகமான ஆள் இரண்டாவது பேஸைத் திருட, அதாவது பந்து அடிபடும் முன்பே அங்கே போய்ச் சேர, ஓடினான். பந்து கைக்கு வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது, நடுவில் ஒன்றும் தெரியவில்லை. அவன் சறுக்கி வருவதற்குள் பந்து அங்கே காத்துக்கொண்டிருந்தது. அவுட். ஸ்டாண்டில் அந்த வரிசையைப் பார்த்தேன். யாரோ ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள்.

பேட்டிங் பற்றி எழுதப்போவதில்லை.

காலையில் வீட்டுக்கு ஃபோன். அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "அடிச்சியா கண்ணு?" "இல்லம்மா. பிடிச்சேன்." "சரி, அதுவும் வேணுமல்ல." அப்பா வேலைக்குப் போய்விட்டாராம். இன்னும் போகும் நேரம் ஆகவில்லை. பின்னால் பாத்ரூம் கதவு கேட்டது.


ஜூலை 27, செவ்வாய்

பஸ்ஸில். லூசியானாவிலிருந்து திரும்புகிறோம். ஏசி வேலை செய்யவில்லை. முன்சீட்டில் எவனோ ஷூவைக் கழற்றிவிட்டான்.

மார்க்கோ சஸ்பென்ஷன் முடிந்து வந்துவிட்டான். ஒரு நாள் அவன், ஒரு நாள் நான். உள்ளூர்ப் பேப்பரில் என் பெயர்: டான் டபானி. மைக்கில் அறிவிக்கிறவரும் அப்படியே பிடித்துக்கொண்டார். நேற்று வயசான ஒருத்தர் வேலிக்கு வந்து, "உங்க குடும்பம் இத்தாலில எந்தப் பக்கம்?" பெருந்துறை என்றேன். "ஓ, தெற்கா?" என்றார். ஆமாம், தெற்கு.

மார்க்கோ சிரித்துச் சிரித்து உருண்டான். நானும் சிரித்தேன். அப்புறம் அது எரிச்சலாக மாறிவிட்டது. ஒருமுறை பேப்பரில் வருகிறது, அதுவும் வேறு எவனோ பெயர்.

மூன்று பந்து மண்ணில் மறித்ததற்குக் கைதட்டல் கிடையாது. ஒன்றை விட்டால் மொத்த ஊரும் பெருமூச்சு. இந்த வேலையின் லட்சணம்.


ஆகஸ்ட் 3, செவ்வாய்

நேற்று டைலரின் நாள். பெரிய கிளப்பிலிருந்து ஆள் எடுக்கிறவர் வந்திருந்தார். பிளேட்டுக்குப் பின்னால், வெள்ளைத் தொப்பி, கையில் வேகம் அளக்கும் கருவி. டைலருக்கு வியர்த்துக் கொட்டியது. முதல் இன்னிங்ஸில் எந்தப் பந்து போட வேண்டும் என்று நான் ஒரு சைகை காட்ட, அவன் வேறு பந்து போட்டான். எனக்குத் தொண்டைக் குழிக்குக் கீழே பட்டது. எழுந்து போனேன்.

"என்ன பண்றே?"

"டான், அந்த ஆள் என்னையே பாக்கறான்."

"பாக்கட்டும். நீ என் கையுறையைப் பாரு. வேற யாரும் இங்க இல்லே."

அதன் பிறகு நான் காட்டியதையே போட்டான். ஒரு ரன்கூட அவர்களுக்கு இல்லை. கீழே விழுகிற அந்தப் பந்து ஒன்றுகூட என்னைத் தாண்டிப் போகவில்லை. என் ஆயுளிலேயே நான் நன்றாக ஆடிய ஆட்டம் இதுதான்.

முடிந்ததும் அந்தத் தொப்பிக்காரர் டைலரைத் தனியே அழைத்துப் போனார். டைலர் திரும்பி வந்து என்னை இழுத்துக்கொண்டு போனான். "இவன்தான் என் கேட்சர்."

அவர் கைகுலுக்கினார். "நல்லாப் பிடிக்கறே, மகனே. வயசு?"

"இருபத்திநாலு."

"அடிக்கறியா?"

டைலர் தரையைப் பார்த்தான். நானும்.

"ம். கையைப் பத்திரமாப் பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான்.

டைலர் இன்று காலை கலிபோர்னியாவுக்குப் போய்விட்டான். சான் ஹோசே பக்கம் ஏதோ டீம், அங்கிருந்து மேலே. கட்டிப்பிடித்தான். குளித்திருந்தான். அவனுக்காகச் சந்தோஷப்படுகிறேன். நிஜமாகத்தான். ஆனாலும் ஆன்ட்டி கொடுத்த தோசையில் பாதியை வைத்துவிட்டேன்.


ஆகஸ்ட் 10, செவ்வாய்

பிராட் விரல் சரியாகிவிட்டது.

ஸ்கிப் ஆபீஸ். ஃபேன். உட்கார்.

"உன் மேல ஒரு குறையும் இல்லே, டான்."

"தெரியும்."

"புல்பென்ல இரு. சீசன் முடிய மூணு வாரம்கூட இல்லே. அடுத்த வருஷம் கோச்சா வந்துடு. உனக்கு அதுக்கான தலை இருக்கு."

"எனக்கு இருபத்திநாலு வயசு, ஸ்கிப்."

"எனக்கு இருபத்தி மூணுல சொன்னாங்க" என்றார்.

அதை இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. அப்போது எனக்குக் காது அடைத்திருந்தது. "வேற ஆளைப் பாத்துக்கோங்க, இனிமே எவனுக்கும் கியர் மாட்டிவிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். லாக்கரைக் காலி செய்தேன். மார்க்கோ வந்து என் பையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக் கார் வரை தூக்கி வந்தான். லோபஸும் பின்னால் வந்தான். அவனிடம் இந்தத் தடவை சாரி சொன்னேன். எதற்கு என்று கேட்டான். மறந்தேவிட்டான்.

வீட்டுக்கு வந்து ஆன்ட்டியிடம் சொன்னேன். "சரி விடு, சாப்பிடு முதல்ல." நித்யா மட்டும், "ஸோ யு க்விட்?" என்றாள். தமிழில் இதற்கு என்ன சொல்வது என்று யோசித்தேன்.


ஆகஸ்ட் 11, புதன்

ஏழு மணிக்கு வீட்டுக்கு ஃபோன். அங்கே எட்டு. அப்பாவே எடுத்தார். பாத்ரூமுக்குப் போக நேரம் கொடுக்கவில்லை நான்.

"அப்பா, நான் வந்தர்றேன். இந்தத் தடவை நெசமா. சனிக்கிழமைக்கு டிக்கெட் பாக்கறேன்."

"சீசன் எப்ப முடியுது?"

"மாசக் கடைசிலங்க."

"அப்பறம் இப்ப ஏன் வர்றே?"

என்ன நடந்தது என்று சொன்னேன். பிராட், ஸ்கிப், புல்பென், எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தார்.

"காலேஜைப் பாதியில விட்டே. இப்ப இதையும் பாதியில விட்டுப்போட்டு வந்து நிக்கறேங்கறே. ஒண்ணையாச்சும் முழுசா முடிச்சுப்போட்டு வா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வா வா என்று ரெண்டு வருஷமாகச் சொன்னவர்.

"இங்க எனக்கு ஆட்டமே இல்லீங்கப்பா! பந்து பொறுக்கிப் போடற வேலைதான். நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்." டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "அன்னிக்கு அந்தப் பையன் ஒவ்வொண்ணா விட்டானே. அதைப் பாத்தப்பறம் சொல்ல மாட்டேன்."

ஃபோன் கார்டில் நிமிஷம் போய்க்கொண்டிருந்தது.

"ஸ்பிரிங் செமஸ்டருக்கு வேணாச் சேந்துக்க. காலேஜ் ஓடியா போயிரும்?" தொண்டையைச் செருமினார். "ஒண்ணு கேக்கறேன். டி.வி.ல பாத்தேன். அந்த அம்பயர், பின்னால நின்னுட்டு கேட்சர் முதுகுல கையை வெச்சுக்கறானே. அது எதுக்கு?"

"குனிஞ்சு பாக்கறதுக்குப் பிடிமானம் வேணுமுல்லீங்கப்பா."

"உங்கிட்டக் கேட்டுட்டா வெப்பாங்க?"

"இல்லீங்க. அவங்களா வெச்சுக்குவாங்க."

"கனமா இருக்காதா?"

"பழகிரும்ங்கப்பா."

"ம். சரி, வேலைக்கு நேரமாச்சு. வெச்சர்றேன்."

வைத்துவிட்டார்.

எரிச்சல் தீரவில்லை. ஸ்கிப்பிடம் போய் என்ன சொல்வது? நேற்று அவ்வளவு பேசிவிட்டு. வழியில் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம், முக்கால் மணி நேரம் இருக்கிறது. வலது விரலுக்கு ஐஸ் வேண்டும். காரில் பெட்ரோல் இல்லை. பையை மறுபடி ஏற்றியாகிவிட்டது. மணி ஒன்றரை, கிளம்ப வேண்டும்.